அண்ணன் பிராசசர், தம்பி பிராசசர்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. ஒரு காலத்தில் அம்மா தீபாவளி முறுக்கை அடைத்து வைத்த சம்படம். இப்போது அதில் நாற்பதுக்கு மேற்பட்ட பிராசசர்களை அடுக்கி வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாகத் தெரிந்தவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறேன். பழசைக் கழற்றும்போது வேண்டாம் என்று விடுகிற பிராசசர் என் சம்படத்துக்கு வந்துவிடும். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். டவுனில் இருந்து வருகிற காலேஜ் பையனும் கேட்கிறான், வள்ளியூரில் இருந்து ஃபோன் போடுகிற மைத்துனரும் கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சிபியு, பிராசசர் இரண்டும் ஒன்றுதானா?

புத்தகத்தில் ஒன்றுதான். நம் பக்கம் மேஜைக்கு அடியில் நிற்கிற பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்லிப் பழகிவிட்டோம். “சிபியு போயிட்டு அண்ணாச்சி” என்று ஃபோன் வந்தால், போனது பெரும்பாலும் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஆகவோ ரேமாகவோ இருக்கும். இங்கே நான் பிராசசர் என்று எழுதுவது மதர்போர்டின் நடுவில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற சதுரச் சில்லை மட்டும். பெட்டிக்குள் இருப்பவற்றில் அதற்குத்தான் ஆயுசு கெட்டி.

அண்ணாச்சி, எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிடித்த பிராசசர் எது?

இன்டெல் செலரான் 300ஏ. யோசிக்காமல் சொல்வேன்.

1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் எல்2 கேஷே கிடையாது. அடிக்கடி வேண்டிய தகவலைக் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற சின்ன மெமரிதான் கேஷ். விலையைக் குறைப்பதற்காக அதை எடுத்துவிட்டார்கள். கேம் ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் 300ஏ வந்தது. அதில் 128 கேபி கேஷை பிராசசர் சில்லுக்குள்ளேயே வைத்து, பிராசசர் ஓடுகிற அதே வேகத்தில் ஓடவிட்டார்கள். அன்றைய பென்டியம் 2இல் 512 கேபி இருந்தது. ஆனால் அது தனிச் சில்லாக வெளியே இருந்து பாதி வேகத்தில்தான் ஓடியது. விலை கூடிய பென்டியம் 2 அண்ணன், விலை குறைந்த செலரான் தம்பி. அண்ணனிடம் பெரிய பானை, தம்பியிடம் சின்னச் செம்பு. ஆனால் செம்பு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்தது இன்னும் அழகு. அதன் பெருக்கு எண் 4.5, போர்டின் பஸ் (பிராசசருக்குத் தகவல் போய் வருகிற பாதை) வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் பெருக்கினால் 300. பெருக்கு எண்ணை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். பஸ் வேகம் மட்டும் போர்டின் கையில் இருந்தது. அதை 100க்கு ஏற்றினால் பிராசசர் 450இல் ஓடும். நிறைய 300ஏக்கள் சாதாரண ஃபேனிலேயே 450இல் நின்று ஓடின. 300ஏ வந்த அதே சமயத்தில்தான் இன்டெல் தன் பெரிய பென்டியம் 2ஐயும் 450 மெகாஹெர்ட்ஸில் விட்டது. அமெரிக்காவில் மொத்தக் கொள்முதல் விலை அண்ணனுக்கு 669 டாலர், தம்பிக்கு 149.

அண்ணன் வேலையைத் தம்பி விலையில் செய்கிற பிராசசர் ஒன்று எல்லாக் காலத்திலும் எங்காவது இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் எனக்கு இன்றுவரை இந்த வேலையில் பெரிய சந்தோஷம். கீழே நான் எதைப் பிடிக்கும் என்று சொன்னாலும் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

சின்ன வயதில் ஆடிய டிவி கேம் பெட்டியிலும் பிராசசர் இருந்ததா?

இருந்தது. பொருட்காட்சியிலும் ஃபேன்சி ஸ்டோரிலும் வாங்கிய அந்த கேசட் பெட்டிகள் நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. ஃபேமிகாமுக்குள் இருந்தது ரிக்கோ நிறுவனம் செய்த சில்லு. அதன் கரு 1975இல் வந்த மாஸ் 6502. இன்டெல், மோட்டரோலா பிராசசர்கள் நூற்றுக்கணக்கான டாலர் விற்ற காலத்தில் 25 டாலருக்கு வந்தது 6502. தம்பி பிராசசர்களின் வம்சத்துக்கு இதைத்தான் மூத்தவர் என்று சொல்வேன். வேகம் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்ய 2 கேபி ரேம். மரியோ கேசட்டில் மொத்தமே 40 கேபிதான். இன்றைக்கு வாட்ஸாப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது.

நம் ஊரில் விற்ற பெட்டிகள் பலவற்றைத் திறந்தால் சில்லே தெரியாது. போர்டின் மேல் கறுப்பாக ஒரு பொட்டு மாதிரிப் பசை இருக்கும். பிராசசர், படம் வரைகிற சில்லு எல்லாவற்றையும் ஒன்றாக்கி அதன் அடியில் வைத்து மூடியிருப்பார்கள். என்னிடம் அப்படி ஒரு போர்டு இருக்கிறது. டிவியில் மாட்டினால் கான்ட்ரா கேம் இன்னும் ஓடுகிறது.

விண்டோஸுக்கு முந்தைய பழைய டாஸ் கேமைப் புது மெஷினில் போட்டால் ஏன் தலைதெறிக்க ஓடுகிறது?

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் சிலர் கேம் எழுதும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை. பிராசசர் இந்த வேகத்தில்தான் ஓடும் என்று நம்பி எழுதினார்கள். பிராசசர் வேகமானதும் கேமும் கூடவே வேகமாகிவிட்டது. அதற்காகத்தான் 386, 486 பிராசசர் போட்ட கேபினட்டுகளில் டர்போ என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயர் டர்போ என்றாலும் அது இருந்ததன் பயன் வேகத்தைக் குறைப்பதுதான். இப்போது பழைய மெஷின் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, சைக்கிள்ஸ் எண்ணைக் குறைத்தால் சரியாக ஆடலாம்.

486இல் டூம் ஓடியது, குவேக் ஏன் திணறியது?

டூம் 1993இல் வந்தது. கணக்கை எல்லாம் முழு எண்ணிலேயே முடித்துக்கொள்கிற மாதிரி எழுதப்பட்ட கேம். 486 டிஎக்ஸ்2 66க்கு அது பிடித்தமான தீனி. 1996இல் வந்த குவேக் உண்மையான முப்பரிமாணம். சுவரின் சாய்வுக்கு ஏற்ப படத்தை ஒட்டத் தசம எண்ணில் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பென்டியத்தில் தசமக் கணக்குக்கான பகுதி வேகமானது. அது ஒரு பக்கம் வகுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புள்ளிகளை வரைந்துகொண்டே போகலாம். குவேக்கை எழுதியவர்கள் இதை நம்பித்தான் எழுதினார்கள். ஆபீஸ் வேலையில் பென்டியத்தை முந்திய சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 பிராசசர் கூட குவேக்கில் பின்தங்கிப் போனதற்கு இதுதான் காரணம். ஒரே ஒரு கேம் பிராசசர் சந்தையையே அசைத்துவிட்டது.

கிகாஹெர்ட்ஸ் கூடினால் வேகம் கூடுமா?

2004, 2005 வாக்கில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்களில் சாயங்காலம் இடம் கிடைக்காது. மணிக்கு 15 ரூபாய். எட்டு மெஷினை லேனில் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடுவோம். மெஷின் எல்லாம் பென்டியம் 4. யார் மெஷின் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதில்தான் எங்கள் வாக்குவாதமே. அன்றைக்கு எங்களுக்குப் புரியாததை இப்போது சொல்கிறேன்.

கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் நாலடி திரும்ப வேண்டும். முப்பது பேர் நின்றால் கையைச் சற்று நீட்டினால் போதும், கல் படபடவென்று மாறும். கிகாஹெர்ட்ஸ் என்பது அந்தப் படபடப்பு. ஆனால் மேலே இருந்து கொத்தனார் “இந்தக் கல் இல்லை, வேறு கல்” என்று சத்தம் போட்டால், வரிசையில் இருக்கிற அத்தனை கல்லையும் இறக்கிவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நஷ்டமும் பெரிது. 2000இல் வந்த முதல் பென்டியம் 4இன் வரிசை 20 படி. 2004இல் வந்த பிரஸ்காட்டில் 31 படி ஆனது. கேமில் எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், குண்டு பட்டதா இல்லையா என்று கிளை பிரிந்துகொண்டே இருக்கும். கொத்தனார் சத்தம் ஓயாது. அதனால்தான் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடிய, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் அத்லான் 64, 3 கிகாஹெர்ட்ஸ் தாண்டிய பென்டியம் 4ஐக் கேம்களில் முந்தியது. ரேமோடு பேசுகிற மெமரி கண்ட்ரோலரைப் பிராசசருக்குள்ளேயே வைத்ததும் அதற்கு உதவியது.

சரி, வைஸ் சிட்டி கேம் அந்த மெஷின்களில் தடுமாறியதே என்று கேட்பீர்கள். அதற்கு 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 போதும் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. தடுமாறியதற்குப் பெரும்பாலும் தனிக் கார்டு இல்லாமல் போர்டிலேயே இருக்கிற ஆன்போர்டு கிராபிக்ஸ்தான் காரணம்.

ஏஎம்டி சூடாகுமாமே?

இந்தக் கேள்வியை அப்பாமார்தான் அதிகம் கேட்கிறார்கள். 2000, 2001 வாக்கில் இதில் உண்மை இருந்தது. அன்றைய அத்லான்களில் சூட்டைப் பார்த்துத் தன்னைத் தானே காத்துக்கொள்கிற ஏற்பாடு இல்லை. பிராசசர் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் தகடு கழன்று விழுந்தால் சில நொடிகளில் கருகிவிடும். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். அந்தப் பேச்சு ஊரில் ஒட்டிக்கொண்டது. ஏஎம்டியின் இன்றைய ரைசன்கள் எல்லாவற்றிலும் பாதுகாப்பு உண்டு, மின்சாரமும் குறைவாகவே எடுக்கின்றன. மாமாமார் சொல்வதைக் கேட்டு நல்ல பிராசசரை விட்டுவிடாதீர்கள்.

செலரானுக்குப் பிறகு வந்த தம்பிகள் யார் யார்?

2006 ஜூலையில் கோர் 2 டூயோ வந்தது. லேப்டாப்புக்காக இஸ்ரேலின் ஹைஃபாவில் வளர்த்த வடிவமைப்பு வழியில் வந்தது. 65 வாட் எடுக்கிற இ6600, 130 வாட் எடுத்த பெரிய பென்டியங்களைத் தாண்டிப் போனது. அடுத்த வருடம் அதன் தம்பியாக பென்டியம் டூயல் கோர் இ2160 வந்தது. 1.8 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 1 எம்பி. பஸ்ஸை 200இல் இருந்து 333க்கு ஏற்றினால் 3 கிகாஹெர்ட்ஸ். 300ஏயைப் பார்த்தவர்களுக்கு மறுபடி அதே சந்தோஷம். ஆனால் அதற்கு ஏற்ற போர்டு வேண்டும், விலை குறைந்த போர்டுகளில் அந்த வசதி இருக்காது. அப்படி ஒரு போர்டுக்காக நான் மதுரை வரை போய் வந்தேன்.

நான்கு கோர் க்யூ6600 2007இல் வந்தது. கோர் என்றால் பிராசசருக்குள் தனியாக வேலை பார்க்கிற மூளை. அன்றைக்கு நான்கு கோரையும் பயன்படுத்துகிற கேம் அதிகம் இல்லை. அதனால் அதை வாங்கியவர்களைப் பார்த்து வீண் செலவு என்று சொன்னேன். அவர்கள்தான் ஏழெட்டு வருடம் அதே மெஷினை ஓட்டினார்கள். என் கணிப்பு தவறு.

2011 ஜனவரியில் வந்த ஐ5 2500கே தம்பி இல்லை, நடு அண்ணன். 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று வாங்கி, நல்ல கூலர் போட்டு 4.5 வரை ஏற்றலாம். அம்பாசமுத்திரத்தில் என் அக்கா மகனுக்கு 2012இல் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் முடித்து வேலைக்குப் போன பிறகும் அதில்தான் ஆடினான். அந்த வருடங்களில் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசை எட்டு கோர் என்று வந்தாலும், இரண்டிரண்டு கோர்கள் தசமக் கணக்குப் பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டதால் கேமில் ஈடுகொடுக்க முடியவில்லை.

பிறகு 2017 ஜனவரியில் பென்டியம் ஜி4560. இரண்டு கோர், ஆனால் ஐ3க்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்துகிற வேலை வரிசை). விலை 64 டாலர். ஐ3யை யார் வாங்குவார்கள் என்று கேட்கிற அளவுக்குத் தம்பி வளர்ந்துவிட்டான். 2018 பிப்ரவரியில் ரைசன் 3 2200ஜி. நான்கு கோர், உள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ். கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாத வீடுகளுக்கு இதைவிட நல்லதை அதுவரை நான் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பக்கம் மட்டும் ஐந்து மெஷின் இதில் போட்டுக் கொடுத்திருப்பேன்.

இன்றைக்குத் தம்பி யார்?

கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்குகிறீர்கள் என்றால் ஐ3 12100எஃப். 2022இல் வந்தது, நான்கு கோர், எட்டு த்ரெட். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஆறு கோர் ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப். கார்டு வாங்கப் பணம் இல்லை என்றால் ரைசன் 5 5600ஜி.

ஒரு விஷயம் முக்கியம். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் 5600 மாதிரி எழுத்து இல்லாமல் வருகிற பழைய வரிசையிலும் கிடையாது. இது தெரியாமல் வாங்கி, கார்டு இல்லாமல் மாட்டி, “டிஸ்ப்ளே வரல அண்ணாச்சி” என்று மாதம் ஒருவராவது வருகிறார்கள். பிராசசரில் கோளாறு எதுவும் இருக்காது. வாங்கும் முன் அந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்.

எக்ஸ்3டி என்று ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

டவுனில் ஒரு ஓட்டல் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் கைக்கு எட்டுகிற கூடையில் இருந்தால் மாஸ்டர் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். கூடை காலியானால் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். கூடைதான் கேஷ், மார்க்கெட் ரேம். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் ரேமுக்குப் போய்த் திரும்ப 80 நானோ நொடி ஆனால், அதற்குள் 320 துடிப்பு வீணாகிவிடும். கேம்களில் எந்தப் பொருள் எப்போது வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் மார்க்கெட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

2022 ஏப்ரலில் ஏஎம்டி 5800எக்ஸ்3டி பிராசசரில் 32 எம்பி கேஷின் தலைக்கு மேலேயே இன்னொரு 64 எம்பி சில்லை அடுக்கியது. மொத்தம் 96 எம்பி. கிகாஹெர்ட்ஸ் முன்னால் வந்த 5800எக்ஸைவிடக் குறைவு, ஆனாலும் கேமில் பல இடங்களில் எல்லோரையும் முந்தியது. பிறகு 2023இல் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி. 1998இல் 128 கேபியை உள்ளே வைத்து செலரான் காட்டிய வித்தைதான் இது. இப்போது அண்ணன் செய்கிறார், அண்ணன் விலையில். கையில் பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள், கேமில் அதிகம் தெரியும்.

யூடியூபில் பிராசசர் சூடு 65 டிகிரி காட்டுகிறார்கள், எனக்கு ஏன் 80?

அவர்கள் அறை 24, 25 டிகிரி. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற நம் அறை 38. ஹீட்சிங்க் செய்வது சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றுவதுதான். அதனால் அறையின் சூடு 13 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய 13 டிகிரி கூடும். 65 என்பது 78 ஆவதில் தவறு எதுவும் இல்லை. 90ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் பார்க்க வேண்டும்.

நான் தம்பி பிராசசர்களை விரும்புவதற்கு விலைக்கு அடுத்த காரணம் இதுதான். 65 வாட் பிராசசர் நம் மே மாதத்தைப் பெட்டியோடு வருகிற ஃபேனிலேயே தாண்டிவிடும். 250 வாட் வரை இழுக்கிற பிராசசரை ஏசி இல்லாத அறையில் வைத்தால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆடி மாதம் மட்டும் மெஷின் தானாக அணைந்துவிடுகிறது. ஏன்?

தூசி. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்றுதான் உங்கள் கேபினட்டுக்குள்ளும் வருகிறது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளம் மாதிரிப் படிந்து காற்றை அடைத்துவிடும். என் சொந்த மெஷினே ஒரு ஆடியில் கேம் நடுவே மூன்று நாள் அணைந்துகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கி மாட்டினேன், பயனில்லை. கடைசியில் ஃபேனைக் கழற்றினால் அடியில் கட்டைவிரல் கனத்துக்குத் தூசி.

ஆனி கடைசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை ப்ளோயர் போடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மண் தெரியாமல் சுற்றவிட்டால் பேரிங் கெடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவுகிற பேஸ்டை மாற்றுங்கள். ரைசன் 5600 மாதிரி ஏஎம்4 சாக்கெட்டில் உட்கார்கிற பிராசசர் என்றால் ஹீட்சிங்கை நேராக இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகிப்போய் பிராசசரையும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, மெதுவாக இடம் வலம் திருகி எடுக்க வேண்டும். பின் வளைந்துவிட்டால் லெட் பென்சிலின் காலி முனையை அதில் நுழைத்து, பொறுமையாக நிமிர்த்தலாம்.

உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். டிஸ்ப்ளே வரவில்லை என்றால் முதலில் ரேமைக் கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. பிராசசர் போய்விடுமா?

எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இரைச்சலை வடிகட்டுகிற சின்னக் கப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இருந்தால் அவற்றில் இருந்து கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் தகட்டில் நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். பிராசசரைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் சுவிட்ச் போர்டில் செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

100 வாட் கூடுதலாக எடுக்கிற மெஷினைத் தினம் 4 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 24 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீடுகளில் இது தெரியாமல் போகும். ஏற்கெனவே கட்டண ஸ்லாபின் விளிம்பில் இருக்கிற வீட்டில் தெரியும்.

வெள்ளத்தில் நனைந்த மெஷினைக் காப்பாற்ற முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்க மாட்டோம். தாமிரபரணி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எனக்கு ஆறு கேபினட்கள் வந்தன, உள்ளே வண்டல் அப்பியபடி. ஆறு பிராசசரும் பிழைத்தன. போர்டு இரண்டுதான் பிழைத்தது.

முதல் விதி, ஓடுகிறதா என்று பார்க்கப் பிளக்கைச் செருகக் கூடாது. நனைந்த போர்டைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரைவிட அந்த அவசரம்தான். போர்டில் இருக்கிற காசு மாதிரி வட்ட பேட்டரியை உடனே கழற்றுங்கள். அதில் இருந்து வருகிற சின்ன மின்சாரமே ஈரத்தில் செம்பை அரித்துவிடும். பிராசசர், ரேம், கார்டு எல்லாவற்றையும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் சேற்றைக் கழுவி, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். இன்டெல் போர்டில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும், முடி மாதிரி மெல்லியவை. அங்கே பிரஷ் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். சாதாரண ஹார்டு டிஸ்கில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை உண்டு, தண்ணீர் அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம். கல்யாண ஃபோட்டோ மாதிரி ஏதாவது அதில் இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் டேட்டா மீட்கிறவர்களிடம் கொடுங்கள்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் என்ன கேம் ஓடும்?

2011இல் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு வருடம் உள்ளே இருந்த பிராசசர் மாறியது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பெயரைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எல்லாம் ஆடலாம். ரேமுக்கு இரண்டாவது இடம் காலியாக இருந்தால் இன்னொரு துண்டு போடுங்கள். உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு துண்டு இருந்தால் பாதை இரண்டு மடங்கு அகலமாகும், அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கேம் திறப்பது வேகமாகும், ஆனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை) அதிகமாகாது.

ஆன்லைனில் விற்கிற ஜியான் செட் வாங்கலாமா?

பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய பிராசசர்கள். பிராசசர் நன்றாகத்தான் இருக்கும். கூடவே வருகிற பெயர் தெரியாத போர்டுதான் சந்தேகம். பதினான்கு கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேகம் குறைவு, கேமுக்கு அதுதான் வேண்டும். வீடியோ ரெண்டர் பண்ணுகிறவர்கள் வாங்கலாம். கேமுக்கு மட்டும் என்றால் 12100எஃப் போதும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை கெட்டுப்போகிறது என்கிறார்களே?

65 வாட்டும் அதற்கு மேலும் எடுக்கிற டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாளடைவில் தேய்ந்து, கேம் க்ராஷ் ஆனது உண்மை. இன்டெலே ஒப்புக்கொண்டு 2024இல் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடுகிற கட்டளைகள்) திருத்தம் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. உங்களிடம் இருந்தால் இன்றைக்கே போர்டில் இருக்கிற பயாஸ் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணுங்கள், திருத்தம் அதன் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது, அதற்கு வாரண்டிதான். பயாஸ் ஏற்றும்போது யூபிஎஸ்ஸில் போட்டு ஏற்றுங்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டு உயிர் விட்டுவிடும்.

நம் நாட்டு பிராசசரில் கேம் ஆட முடியுமா?

ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் 2018இல் முதன்முதலாகச் சில்லாக வந்தது. ரிஸ்க்-ஃபைவ் என்கிற யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுப்பில் செய்தது. அதன் வேலை கருவிகளையும் இயந்திரங்களையும் கட்டுப்படுத்துவது, கேமுக்காகச் செய்தது இல்லை. ஆனாலும் சம்படத்தில் அதற்கென்று ஒரு இடம் காலியாக வைத்திருக்கிறேன்.

சம்படத்தில் இன்னும் சேராதது எது?

வேடிக்கை என்னவென்றால், அந்த 300ஏதான். 1999இல் ஒரு நண்பர் வீட்டில் அதை ஓட்டிப் பார்த்தேன், எனக்கென்று வாங்க அன்று பணம் இல்லை. பிறகு கையில் பணம் வந்தபோது சரக்கு போய்விட்டது. அதில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று சதுரச் சில்லு. நான் தேடுவது மற்றது, போர்டில் செங்குத்தாகச் செருகுகிற நீளப் பலகை வடிவம். அதன் மேல் எஸ்எல்2டபிள்யூஎம் என்று பொறித்திருக்கும். மேலப்பாளையத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ உங்கள் வீட்டுப் பரணில் மஞ்சள் பூத்த வெள்ளைக் கேபினட் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரர் கையில் கொடுக்கும் முன் பக்கத்து மூடியைக் கழற்றி ஒரு தடவை உள்ளே பாருங்கள்.